சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது?

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு மாணவர்கள் எதிரெதிரே அமர்ந்து உண்கிறார்கள். ஒருவன் மூன்றாம் முறை சோறு வாங்குகிறான். ஆனால் கன்னம் ஒட்டி, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் இருக்கிறான். மற்றவன் ஒரு தட்டோடு எழுந்துவிடுகிறான். அவன் சட்டைப் பொத்தான்களோ இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. முதலாமவனைப் பார்த்து, "தின்பதெல்லாம் எங்கேயடா போகிறது?" என்று வியக்கிறோம். இரண்டாமவனைப் பார்த்து ஒன்றும் கேட்பதில்லை. "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று நமக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "எனக்குத் தண்ணீர் குடித்தாலும் உடம்பு வைக்கிறது" என்று அவன் சொன்னால் நம்புவதில்லை.

நம் பாட்டிமார் காலத்தில் "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பது பெண்ணுக்குப் பாராட்டு. மெலிந்த மருமகளைப் பார்த்து, "உங்கள் வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்று கேட்பார்கள். இன்று காற்று திசை மாறி அடிக்கிறது. உடம்பு வைத்துவிடும் என்று காலைச் சிற்றுண்டியை விட்டுவிட்டு வந்து, ஆய்வுக்கூடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிடும் மாணவியரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களிடம் கலோரிக் கணக்கு மனப்பாடமாக இருக்கிறது. அந்தக் கலோரி என்பது என்ன, உடல் அதை எப்படிச் செலவிடுகிறது என்பது மட்டும் தெரிவதில்லை.

இதில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். "சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது?" என்பது முழுக்க முழுக்க இயற்பியல் கேள்வி. சொல்லப்போனால், ஆற்றல் அழிவின்மை விதியே ஓரளவு இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

பனிக்கட்டிக்கு நடுவே ஒரு கினிப் பன்றி

1780-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைக் கூண்டில் அடைத்து, அதைச் சுற்றிலும் பனிக்கட்டியை நிரப்பினார்கள். விலங்கின் உடல் வெப்பத்தால் பத்து மணி நேரத்தில் 13 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 400 கிராம், பனிக்கட்டி உருகி நீராயிற்று. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும் என்பது மாணவர்கள் அறிந்ததே. எனவே அந்தச் சிறு பிராணி பத்து மணி நேரத்தில் வெளியிட்ட வெப்பம் 32,000 கலோரி. அது வெளிவிட்ட அளவு கரியமில வாயுவைக் கரித்துண்டை எரித்துப் பெற்றால் எவ்வளவு பனி உருகும் என்றும் பார்த்தார்கள். இரண்டும் ஓரளவே ஒத்துப்போயின. ஆயினும் அவர்கள் துணிந்து சொன்ன முடிவு சரியானது: மூச்சு விடுதல் என்பது சுடரில்லாத, மெதுவான எரிதல்.

1840-இல் ராபர்ட் மேயர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் டச்சுக் கப்பல் ஒன்றில் ஜாவாவுக்குப் போனார். அங்கே மாலுமிகளின் சிரையிலிருந்து எடுத்த இரத்தம் எதிர்பார்த்ததைவிடச் செக்கச்செவேல் என்று இருந்தது. வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைக்க அதிகம் எரிக்க வேண்டியதில்லை. ஆகவே இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் குறைவாகவே செலவாகிறது என்று அவர் ஊகித்தார். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டே போய், 1842-இல் வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்று எழுதினார்.

மனிதனைக் கொண்டு இதை ஐயமற நிறுவியவர்கள் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலார் அட்வாட்டரும், இயற்பியலார் ரோசாவும் ஆவர். ஓர் ஆள் படுக்க, உட்கார இடமுள்ள சிறிய உலோக அறையைக் கட்டினார்கள். அறைக்குள் குழாய்களில் ஓடும் குளிர்ந்த நீர், உள்ளிருப்பவரின் உடல் வெப்பத்தை வாரிக்கொண்டு வெளியே வரும். நீரின் அளவையும் அதன் வெப்பநிலை உயர்வையும் அளந்தால் வெப்பம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நாட்கணக்கில் ஆட்களை உள்ளே வைத்து, உண்டது, கழித்தது, மூச்சு, வெப்பம் ஆகிய எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். 1890-களில் தொடங்கிய இந்தச் சோதனைகளில் வரவும் செலவும் நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாட்டுக்குள் ஒத்துப்போயின. மாவுப்பொருள் கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று பொட்டலங்களில் நாம் காணும் கணக்கு அட்வாட்டர் விட்டுச் சென்றதே. அங்கே கலோரி என்று எழுதப்படுவது கிலோகலோரியாகும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம். இனி இக்கட்டுரையிலும் அப்படியே கொள்வோம்.

நாளுக்கு 2,000 கலோரி செலவிடும் ஒருவரின் ஆற்றல் வீதம் என்ன? 86,400 வினாடிகளால் வகுத்தால் 97 வாட். நாம் ஒவ்வொருவரும் ஏறத்தாழ நூறு வாட் குண்டு பல்பு! அறுபது பேர் அடைந்து கிடக்கும் வகுப்பறையில் ஆறு கிலோவாட் அடுப்பு எரிகிறது. பிற்பகலில் மாணவர்கள் ஏன் தூங்குகிறார்கள் என்பதற்கு என் பாடம் மட்டும் காரணமன்று. இன்னொரு வேடிக்கை: சூரியன் வெளிவிடும் ஆற்றலை அதன் பொருண்மையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு வாட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் வருகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மனிதன் சூரியனைவிட ஏழெட்டாயிரம் மடங்கு சுறுசுறுப்பாக வெப்பம் தருகிறான்.

ஓய்விலும் எரியும் அடுப்பு

இந்த நூறு வாட்டும் ஓடியாடுவதில் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலோருக்கு நாளின் செலவில் 60 முதல் 70 சதவீதம் சும்மா படுத்திருக்கும்போதே ஆகிவிடுகிறது. இதயம் துடிக்க, சிறுநீரகம் வடிகட்ட, மூளை விழித்திருக்க, செல்கள் பழுது பார்த்துக்கொள்ள ஆகும் இந்தச் செலவையே அடிப்படை வளர்சிதை மாற்றம் என்கிறோம். உண்டதைச் செரிப்பதற்கே பத்தில் ஒரு பங்கு போகிறது. அசைவுக்கு மிஞ்சுவது மீதி.

உறுப்புகளுக்குள் பங்கீடு சமமாக இல்லை. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, ஓய்வுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்கு நாளொன்றுக்கு 440 கலோரி, மூளை 240, கல்லீரல் 200. தசையோ ஓய்வில் வெறும் 13. கொழுப்பு நாலரை. "தசையை வளர்த்தால் தூங்கும்போதும் கலோரி கரியும்" என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். சொல் உண்மை, அளவுதான் சிறிது. அரும்பாடுபட்டு ஒரு கிலோ தசை சேர்த்தால் நாளுக்குக் கால் இட்லிக்கான கலோரி ஓய்வில் கூடுதலாகச் செலவாகும். (ஓர் இட்லியை 50 கலோரி என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் வீட்டு இட்லித்தட்டின் குழி ஆழத்தைப் பொறுத்து முன்பின் ஆகும்.)

இனி, நம் விடுதி மாணவர்கள் இருவரிடம் வருவோம். மெலிந்தவனுக்கு "உள்ளே அடுப்பு வேகமாக எரிகிறது", பருத்தவனுக்கு "அடுப்பு மந்தம்" என்பது பொதுவான எண்ணம். அளந்து பார்த்தால் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது. பருத்தவர் ஓய்வில் மெலிந்தவரைவிட அதிகமாகவே எரிக்கிறார். எடை கூடும்போது கொழுப்போடு தசையும் குருதியும் கூடுகின்றன. இதயம் பெரிய உடலுக்கு உழைக்கிறது. பெரிய வீட்டுக்கு மின் கட்டணம் அதிகம் வருவது போலத்தான்.

அப்படியானால் ஆளுக்கு ஆள் வேறுபாடே இல்லையா? உண்டு. கொழுப்பு நீங்கலான எடை, கொழுப்பு, வயது மூன்றும் ஒத்த ஆட்களை எடுத்துக்கொண்டாலும் அடிப்படைச் செலவு சராசரியிலிருந்து பத்துப் பதினைந்து சதவீதம் மேலோ கீழோ இருப்பதுண்டு. 1,500 கலோரியில் பத்துச் சதவீதம் என்பது மூன்று இட்லி. நாள்தோறும் மூன்று இட்லி என்பது சிறிய தொகையன்று. ஆனால் மேலே இருப்பவர்களெல்லாம் ஒல்லி, கீழே இருப்பவர்களெல்லாம் குண்டு என்ற ஒழுங்கு அங்கே காணப்படவில்லை. தைராய்டுச் சுரப்பு மிகுந்தோ குறைந்தோ இருப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய்.

நீரில் ஒரு தந்திரம்

அடைத்த அறைக்குள் அளப்பதில் ஒரு குறை உண்டு. மனிதன் அறைக்குள் வாழ்வதில்லை. கடைக்குப் போகிறான், மாடி ஏறுகிறான், திண்ணையில் சாய்கிறான். அவனைத் தன் போக்கில் விட்டுவிட்டு அவன் செலவை அளப்பது எப்படி? இதற்கு அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சன் கண்ட வழி மிக அழகானது.

சாதாரண ஹைட்ரஜனைவிடக் கனத்த டியூட்டிரியமும், சாதாரண ஆக்சிஜனைவிடக் கனத்த ஆக்சிஜன்-18-ம் சேர்ந்த நீரைச் சிறிதளவு குடிக்கக் கொடுக்கிறார்கள். இரண்டும் கதிரியக்கம் அற்றவை, தீங்கில்லாதவை. உடலிலுள்ள நீரோடு அவை கலந்துவிடுகின்றன. டியூட்டிரியம் வெளியேற வழி ஒன்றே: சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என நீராகத்தான் போக வேண்டும். ஆக்சிஜன்-18-க்கு இரண்டு வாசல்கள் உண்டு. அது நீராகவும் போகும், கரியமில வாயுவில் ஏறிக்கொண்டும் போகும். எனவே அது விரைவில் குறைகிறது. பத்துப் பதினைந்து நாட்கள் கழித்துச் சிறுநீரில் இரண்டும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்தால், இரு வேகங்களின் வேறுபாடே அவர் வெளிவிட்ட கரியமில வாயு. அதிலிருந்து எரித்த கலோரி தெரிந்துவிடும். 1950-களில் எலிகளிடம் செய்து பார்த்த இதை, ஆக்சிஜன்-18 விலை மிகுந்ததாக இருந்த காரணத்தால், 1982-இல்தான் மனிதரிடம் செய்தார்கள்.

2021-இல் ஹெர்மன் பான்ட்சரும் அவருடைய கூட்டாளிகளும் இம்முறையில் 29 நாடுகளில் அளக்கப்பட்ட 6,400-க்கும் மேற்பட்டோரின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை அதில் இருந்தார்கள். உடல் அளவுக்கு ஏற்பத் திருத்திப் பார்த்தால், ஒரு வயதுக் குழந்தை பெரியவரைவிட ஒன்றரை மடங்கு வேகமாக எரிக்கிறது. பிறகு சிறிது சிறிதாகக் குறைந்து இருபது வயதில் நிலைபெறுகிறது. இருபதிலிருந்து அறுபது வரை அசைவதே இல்லை! அறுபதுக்குப் பின் ஆண்டுக்கு நூற்றுக்கு முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாக இறங்குகிறது. ஆண், பெண் வேறுபாடும் உடலமைப்பைக் கழித்தால் மறைந்துவிடுகிறது. "நாற்பது தாண்டியதும் உடம்பு எரிப்பதை நிறுத்திவிட்டது" என்று தொந்தியைத் தடவிச் சொல்பவர்கள் வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரே உணவு, வேறு வேறு உடல்

அடுப்பின் வேகம் காரணமில்லை என்றால், ஒரே பந்தியில் உண்பவர்கள் ஏன் இப்படி வேறுபடுகிறார்கள்? இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் கிளோட் பூஷார் ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையரான இளைஞர்கள் 12 இணையரை ஒரு விடுதியில் தங்கவைத்து, கண்காணிப்பில் உணவளித்தார். நூறு நாட்களில் 84 நாட்கள், தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி. எல்லோருக்கும் மிகை ஒன்றே: 84,000 கலோரி. 1990-இல் வெளியான முடிவில் சராசரி எடைக்கூடுதல் 8.1 கிலோ. ஆனால் ஒருவர் 4.3 கிலோதான் கூடினார், மற்றொருவர் 13.3 கிலோ. (கொழுப்பு மட்டுமே சேர்ந்தால் 13 கிலோ வராதே என்று கணக்குப் போடும் வாசகர்களுக்கு: தசையும் நீரும் கூடச் சேர்கின்றன, அவற்றுக்குக் கிலோவுக்கு வேண்டிய ஆற்றல் குறைவு.) வியப்பு என்னவென்றால், அண்ணன் எவ்வளவு கூடினானோ ஏறத்தாழ அவ்வளவே தம்பியும் கூடினான். கொழுப்பு உடலில் எங்கே சேர்ந்தது என்பதில்கூட இரட்டையர் ஒத்திருந்தனர்.

குறைவாகக் கூடியவர்களின் மிகைக் கலோரி எங்கே போயிற்று? 1999-இல் மேயோ மருத்துவ நிலையத்தில் ஜேம்ஸ் லெவைன் இதைத் துருவிப் பார்த்தார். 16 பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 1,000 கலோரி மிகையாகக் கொடுத்தார். உடற்பயிற்சியைக் கூட்டக்கூடாது என்று கட்டளை. ஒருவர் உடலில் சேர்ந்த கொழுப்பு அரைக் கிலோ கூட இல்லை. மற்றொருவரிடம் நாலு கிலோவுக்கு மேல். வேறுபாட்டுக்குக் காரணம், அவர்களே அறியாமல் செய்த சிற்றசைவுகள்: எழுந்து நிற்றல், நடமாடுதல், உட்கார்ந்த இடத்தில் நெளிதல், காலாட்டுதல். சிலர் உடல், மிகையாக உண்டதும் தானாகவே இவற்றைக் கூட்டிக்கொண்டது. ஒருவரிடம் இது நாளொன்றுக்கு 692 கலோரி வரை போயிற்று. வேறு சிலரிடம் சற்றுக் குறையவும் செய்தது. காலை ஆட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று தட்டி அடக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க!

அதே குழு 2005-இல் மெலிந்தவர் பத்துப் பேருக்கும் பருத்தவர் பத்துப் பேருக்கும் உள்ளாடையில் உணர்கருவிகளைப் பொருத்திப் பார்த்தது. பருத்தவர்கள் நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்கள். சோம்பல் என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். பருத்தவர்களின் எடையைக் குறைத்தும், மெலிந்தவர்களின் எடையைக் கூட்டியும் மீண்டும் அளந்தபோது, உட்கார்வதும் நிற்பதும் பழையபடியே இருந்தன. எடையால் வந்த பழக்கமாக அது தோன்றவில்லை. ஆளோடு பிறந்ததாகத் தோன்றியது.

இன்னொரு கணக்கையும் இங்கே சரி செய்துவிடலாம். "நாளுக்கு ஓர் இட்லி மிகையானால் ஆண்டுக்கு இரண்டரைக் கிலோ, பத்து ஆண்டில் இருபத்தைந்து கிலோ" என்று பெருக்கிக் காட்டுவோர் உண்டு. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கலோரி என்பதை வைத்து வரும் கணக்கு இது. பெருக்கல் சரி, இயற்பியல் தவறு. உடல் அடியில் துளையுள்ள தொட்டி. நீர்மட்டம் உயர உயரத் துளை வழியே ஒழுகுவதும் கூடும். ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகி மட்டம் நின்றுவிடும். எடை கூடிய உடல் அதிகம் செலவழிப்பதால், நாளுக்கு 24 கலோரி மிகைக்கு ஒரு கிலோ வீதம் ஏறி, சில ஆண்டுகளில் எடை நின்றுவிடுகிறது என்று அமெரிக்க இயற்பியலார் கெவின் ஹாலும் கூட்டாளிகளும் 2011-இல் காட்டினார்கள். ஓர் இட்லிக்கு இரண்டு கிலோ, அவ்வளவே. குறைக்கும்போதும் இதே விதிதான். எனவே இரண்டாம் ஆண்டில் எடை இறங்கவில்லையே என்று மனமுடைய வேண்டியதில்லை.

பசி யார் கையில்?

செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வரவைத் தீர்மானிப்பது பசி. அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது என்ற எண்ணத்தில்தான் பருத்தவரை இகழ்கிறோம்.

1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனுக்குரிய மரபணுவைக் கண்டார்கள். கொழுப்புச் செல்களே இதைச் சுரந்து, "கையிருப்பு போதும்" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூன்று ஆண்டுகளில் இங்கிலாந்தில் இரண்டு குழந்தைகளிடம் இந்த மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது. கொழுப்பு மலையாகக் குவிந்திருந்தும் அவர்களுடைய மூளைக்குக் கிடைத்த செய்தி "பட்டினி" என்பதே. அவர்களுள் ஒருவர் எட்டு வயதில் 86 கிலோ. லெப்டினை ஊசி மூலம் செலுத்தியதும் ஓயாத பசி அடங்கியது; முதலில் மருந்து பெற்ற குழந்தை ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. இந்தக் குறை மிக மிக அரிது. பருத்தவர் பெரும்பாலோரிடம் லெப்டின் நிறையவே இருக்கிறது. ஊசி போட்டுப் பயனில்லை. ஆனாலும், பெருந்தீனி என்று பெயர் வாங்கிய ஒரு குழந்தைக்குக் குறை ஒழுக்கத்தில் இல்லை, ஒரு மூலக்கூற்றில் இருந்தது என்பது அன்று ஐயமறத் தெரிந்தது.

1986-இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரைப் பற்றி ஸ்டங்கார்ட் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது. அவர்களின் பருமன் பெற்ற தாய் தந்தையரோடு தொடர்பு காட்டியது. சோறூட்டி வளர்த்தவர்களோடு காட்டவில்லை.

"தண்ணீர் குடித்தாலும் உடம்பு வைக்கிறது" என்றவன் பொய் சொல்கிறானா? 1992-இல் நியூயார்க்கில் இப்படிச் சொன்ன பத்துப் பேரை ஆராய்ந்தார்கள். நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை இறங்கவில்லை என்பது அவர்கள் முறையீடு. அவர்களின் வளர்சிதை மாற்றம் முற்றிலும் சரியாகவே இருந்தது. எழுதி வைத்த உணவைவிட உண்ட உணவு ஏறக்குறைய இரு மடங்கு. செய்த உழைப்பை ஒன்றரை மடங்காக நினைத்திருந்தார்கள். இதை ஏமாற்று என்று கொள்வது முறையன்று. நேற்று மாலை நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்ட முறுக்கு எத்தனை என்று இதைப் படிக்கும் உங்களால் சொல்ல முடியுமா? மூன்றாம் முறை சோறு வாங்கும் ஒல்லிக்காரனும் தன் கணக்கைச் சரியாக அறியான். அன்றிரவு பசியில்லை என்று பாதித் தட்டை ஒதுக்கியது அவன் நினைவிலும் இல்லை, நம் கண்ணிலும் படவில்லை.

உழைப்பின் கணக்கு ஏன் மிகையாகத் தோன்றுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. திருச்சி மலைக்கோட்டை ஏறக்குறைய 83 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ளவர் உச்சிப்பிள்ளையார் வரை ஏறினால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை 49,000 ஜூல்; அதாவது 12 கலோரிக்குச் சற்றுக் குறைவு. தசையின் பயனுறுதிறன் நூற்றுக்கு 25 என்று கொண்டால் செலவு 47 கலோரி. முழங்கால் கெஞ்ச நானூறு படிகளுக்கு மேல் ஏறியதற்கு ஓர் இட்லி! இறங்கியதும் குடிக்கும் சர்க்கரை போட்ட காபியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நடையும் ஓட்டமும் இதயத்துக்கும் குருதியோட்டத்துக்கும் மனத்துக்கும் செய்யும் நன்மையைக் கலோரியால் அளப்பது, புத்தகத்தை எடைக்குப் போடுவது போன்றது.

பட்டினியின் கணக்கு

இப்போது காலைச் சிற்றுண்டியை விட்டுவிடும் அந்த மாணவியரிடம் வருகிறேன். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்றறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போர்ப்பணியை மனச்சான்றின்பேரில் மறுத்த இளைஞர்கள் 36 பேர் முன்வந்தார்கள். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு அரைப்பட்டினி. எடையில் கால் பங்கு கரைந்தது. ஆனால் அடிப்படைச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. எடை குறைந்ததற்கு ஏற்ப விழ வேண்டியதைவிட அதிகம். கோடையிலும் குளிர் தாங்கவில்லை. நாடித்துடிப்பு மந்தமாயிற்று. படிப்பில் மனம் செல்லவில்லை. உணவைத் தவிர வேறு பேச்சில்லை. சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துப் படித்தார்கள். மீண்டும் உணவு கிடைத்தபோது வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்கவில்லை. பலர் உடலில் முன்னிருந்ததைவிடக் கூடுதலாகக் கொழுப்பு சேர்ந்தது.

அவர்கள் உண்டது என்ன தெரியுமா? நாளொன்றுக்கு 1,600 கலோரிக்கு முன்பின்னாக. இன்று "டயட்" என்ற பெயரில் 1,000, 800 என்று பட்டியல் எழுதி ஒட்டிக்கொள்கிறார்கள்.

"தி பிக்கஸ்ட் லூசர்" என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அதே கெவின் ஹால் அளந்தார். 2016-இல் வெளியான முடிவு: குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்ப வந்துவிட்டது, ஓய்வுச் செலவோ, அவர்கள் உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி தாழ்ந்தே கிடந்தது. பஞ்சங்களைத் தாண்டிப் பிழைத்து வந்த உடல் இது. உணவு குறைந்தால் அது வருமானம் குறைந்த குடும்பத் தலைவியைப் போல் நடந்துகொள்கிறது. விளக்கை அணைக்கிறது, அடுப்பைத் தணிக்கிறது, ஒரு பிடி அரிசியை ஒளித்து வைக்கிறது.

குறையும் கொழுப்பு எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர்களிடமே கேட்டபோது, வெப்பமாக மாறிவிடுகிறது என்று பலர் சொன்னார்களாம். ஒரு கிலோ பொருண்மை உண்மையாகவே ஆற்றலானால் ஹிரோஷிமாவில் வீழ்ந்த குண்டைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் ஆகும், ஊரே இராது. 2014-இல் ஆஸ்திரேலியாவில் மீர்மன் என்ற இயற்பியலாரும் பிரவுனும் அணு அணுவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. மெலிந்தவர்கள் தம் கொழுப்பைக் காற்றில் விட்டிருக்கிறார்கள்.

மெலிந்தும் மெலியாதவர்

கடைசியாக, ஒல்லியானவர்களும் அறிய வேண்டிய ஒன்று. புனேயில் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் நீரிழிவு ஆய்வில் கூட்டாளிகள். இருவரும் பார்வைக்கு மெலிந்தவர்கள். எடையை உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் உடற்பருமன் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. எக்ஸ்-கதிர்க் கருவியில் படுத்து அளந்தபோது யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். இருவரும் அருகருகே நிற்கும் படத்தோடு 2004-இல் "லான்செட்" இதழில் இது வெளியாயிற்று. இந்தியர்களாகிய நம்மிடம் தசை குறைந்து, வயிற்றுக்குள் கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பு சேரும் போக்கு மிகுதி. கை கால் மெலிந்து, "எனக்கு எதைத் தின்றாலும் ஒட்டாது" என்று பெருமைப்படும் ஒருவருக்கும் நீரிழிவு வருவது இதனால்தான். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு அதே ஆண்டில், ஆசிய மக்களுக்குப் பருமன் எண் 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்றது. பொதுவான எல்லை 25.

எடைபார்க்கும் கருவி இந்த உட்கொழுப்பைக் காட்டாது. தையற்காரரின் நாடா ஓரளவு காட்டும். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது மருத்துவர்கள் வைத்துள்ள எல்லை. தொப்புள் மட்டத்தையொட்டி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது செல்லாது.